ஐடில் நடுக்கம்: ஸ்ப்ரேயா, புகைச் சோதனையா?

இன்டேக் மேனிஃபோல்டை (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கழற்றி மாட்டிய பழைய காரில் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் நிலை) நடுங்கினால், முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான். பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியை எளிதாக்கும் பாகம்), பிசிவி (எஞ்சினுக்குள் தேங்கும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) குழாய்களில் ஏதாவது மாட்டாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதிலும் தெரியவில்லை என்றால், கசிவைத் தேட இரண்டு வழிகள். கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் திரவம்) ஸ்ப்ரே செலவு குறைந்த வழி. எஞ்சின் ஓடும்போது கேஸ்கெட் (இணைப்பைக் கசியாமல் அடைக்கும் தகடு) ஓரங்களில் சிறிது சிறிதாக அடித்தால், கசிவுள்ள இடத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மாறும். ஆனால் சூடான எக்ஸாஸ்ட்டிலோ, பழைய பிளக் ஒயரின் பொறியிலோ பட்டால் தீப்பிடிக்கலாம்; தீயணைப்பான் இல்லாமல் தொடவே வேண்டாம். மேனிஃபோல்டின் அடிப்புறத்துக்கு ஸ்ப்ரே எட்டுவதும் கடினம்.

புகைச் சோதனையில் எஞ்சின் அணைந்திருக்கும். ஏர் ஃபில்டர் பக்கத்தை அடைத்து, 1 பிஎஸ்ஐக்குக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால், கேஸ்கெட் விரிசலும் தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட்டும் (காற்றை அளந்து விடும் தட்டைத் தாங்கும் தண்டு) கண்ணுக்கே தெரியும். கேஸ்கெட் மாற்றிய வண்டிக்கு இதுவே சரி. புகை எங்கும் வரவில்லையா? பிளக், டைமிங், கம்ப்ரஷன் பக்கம் போங்கள்.