தக்கலையில் ஊசியைச் சரியாகக் கையாளும் ஒரு கிளினிக்

அம்மாவுக்கு இரண்டு வேளை இன்சுலின். சேர்ந்த ஊசிகளைத் தடித்த டப்பாவில் போட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கிளினிக்கில் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே சிஸ்டர் ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்டுவதில்லை. முனையைக் கட்டரில் வெட்டி, குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில் போடுகிறார். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கேட்பதும் இதுதான். மீறினால் சுற்றுச்சூழல் சட்டப்படி 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். மருத்துவக் கழிவு கொட்டுவோர் மீது குண்டர் சட்டம் பாய 2025-ல் சட்டப்பேரவை திருத்தமே கொண்டுவந்தது. கேரளக் கழிவு வந்து விழும் எல்லையோரக் களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

போன வருடம் எங்கள் தெருக் குப்பையில் கிடந்த ஊசி, தூய்மைப் பணி செய்யும் அக்காவின் விரலில் ஏறியது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர் தூங்கவே இல்லை.

சாயங்காலம் போனால் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பரவாயில்லை, நான் அங்கேயே போவேன்.