ஓபிஜியா, சிறு எக்ஸ்-ரேயா, சிபிசிடியா?

இரு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே நீள்படத்தில் காட்டும் ஓபிஜி இருக்கும்போது, வாய்க்குள் சென்சார் வைத்து இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுக்கும் சிறு எக்ஸ்-ரே எதற்கு என்று பலர் கேட்கின்றனர். பரப்பு கூடினால் நுணுக்கமும் கூடும் என்ற எண்ணமே இக்கேள்விக்கு அடிப்படை. உண்மையில் பரப்புக்காக ஓபிஜி விட்டுக்கொடுப்பது அந்த நுணுக்கத்தைத்தான்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபின்லாந்தின் பல் மருத்துவர் பாட்டேரோ வளர்த்தெடுத்த ஓபிஜி முறையில், எக்ஸ்-ரே குழாயும் எதிரே உள்ள உணரியும் தலையைச் சுற்றி நகர்கின்றன. தாடையின் வளைவை ஒட்டிய ஒரு பட்டைக்குள் அமைந்தவை மட்டுமே தெளிவாகப் பதியும். பட்டைக்கு வெளியே உள்ளவை மங்கிவிடும். படம் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை பெரிதாகவும் தெரியும். இந்தப் பெருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், அதில் நேரடியாக அளவெடுத்து, எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்டின் நீளத்தை முடிவு செய்வது ஆபத்தானது.

பற்சொத்தையைக் கண்டறிவதில் இந்தக் குறை பெரிதாக வெளிப்படுகிறது. இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் தொடங்கும் சொத்தை கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எளிதில் அகப்படாது. ஓபிஜியிலோ முன்கடைவாய்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அந்த இடத்தையே மறைத்துவிடுகின்றன. இங்கே, மேல், கீழ்ப் பற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்துக் காட்டும் பைட்விங் எனப்படும் சிறு படத்துக்கு நிகரில்லை. வேர் சிகிச்சையின்போது வேர்நுனியைப் பார்ப்பதற்கும் சிறு படமே தேவை. ஓபிஜியில் சொத்தை தெரியவில்லை என்பதைச் சொத்தை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

ஆனால் சிறு படம் எட்டாத இடங்கள் பல உண்டு. குழந்தையின் தாடைக்குள் எந்த நிரந்தரப் பல் உருவாகவே இல்லை, எது கூடுதலாக முளைத்து வழியை மறிக்கிறது, எது சாய்ந்து கிடக்கிறது என்பதை ஓபிஜி ஒரே பார்வையில் காட்டுகிறது. கீழ்த்தாடை அடிபட்டால் ஒரு பக்கம் முறிந்ததோடு நிற்காமல் எதிர்ப்பக்கத்திலும் விரிசல் காண்பது வழக்கம் என்பதால், இரு தாடை மூட்டுகளையும் சேர்த்துப் பார்ப்பது இன்றியமையாதது. வலியே இல்லாமல் வளரும் நீர்க்கட்டிகளும் பல முறை இப்படத்தில்தான் தற்செயலாகத் தென்படுகின்றன. வாயைத் திறக்க இயலாதவர்களுக்கும், சென்சார் உள்ளே போனதும் குமட்டல் எடுப்பவர்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

இவை அனைத்தும் தலை சரியாக நிறுத்தப்பட்டால் மட்டுமே பொருந்தும். கழற்றாத காதணி எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே மங்கிய நிழலாக விழுகிறது. நாக்கை அண்ணத்தோடு ஒட்டி வைக்காவிட்டால் மேற்பற்களின் வேர்களுக்குக் குறுக்கே கரும்பட்டை படர்கிறது. பதிவு ஏறத்தாழ 15 விநாடிகள் நீடிப்பதால், அதுவரை அசையாமலும் நிற்க வேண்டும்.

ஞானப்பல்லின் வேர் கீழ்த்தாடை நரம்புக்குழாயோடு ஒட்டியிருக்கிறதா என்ற கேள்வி எழும்போது, கூம்பு வடிவக் கதிர்க்கற்றையால் முப்பரிமாணப் படம் எடுக்கும் சிடி ஸ்கேனான சிபிசிடி உள்ளே வருகிறது. குழாயின் வெள்ளைக் கோடு வேரருகே அறுபட்டிருந்தாலோ, வேரின் மேல் கருமை படிந்திருந்தாலோ ஓபிஜி எச்சரிக்கை மட்டுமே தரும். நரம்பு வேருக்கு நாக்குப் பக்கம் ஓடுகிறதா, கன்னப் பக்கம் ஓடுகிறதா என்பதை முப்பரிமாணப் படமே சொல்லும். எனினும் எல்லா ஞானப்பல்லுக்கும் அதைக் கேட்பது முறையன்று. ஓபிஜியின் கதிர்வீச்சு பொதுவாகச் சில பத்து மைக்ரோசீவர்ட்டுக்குள் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அடங்கும். இயற்கைச் சூழலிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி அளவான 2,400 மைக்ரோசீவர்ட்டோடு ஒப்பிட்டால் அது சில நாட்களின் அளவே. சிபிசிடியின் அளவோ எடுக்கும் பரப்பையும் கருவியையும் பொறுத்துப் பன்மடங்கு உயரக்கூடும். மேலும், உலோகக் கேப்பும் நிரப்பலும் சிபிசிடியில் கோடுகளாகச் சிதறிப் பக்கத்துப் பல்லை மறைப்பதால், கேப்பை அடுத்த பல்லில் சொத்தை இருக்கிறதா என்று அறிய மீண்டும் அந்தச் சிறு எக்ஸ்-ரேயையே நாட வேண்டியிருக்கிறது.