டிரெய்லரை மாட்டினால் எந்த பிக்கப் குறைவாகக் குடிக்கும்?

நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் இழுத்து வந்து வண்டியை ஓரங்கட்டியதும், டிரெய்லரின் முகப்பைப் போய்ப் பாருங்கள். முன்னால் இழுக்கும் பிக்கப் வண்டியின் கூரை உயரம் வரைக்கும் ஓரளவு சுத்தமாக இருக்கும். அதற்கு மேலே, கோடு கிழித்த மாதிரி, பூச்சிகள் அடித்து ஒட்டிக் கிடக்கும். மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்துபோன அந்தப் பட்டைதான் உங்கள் எரிபொருள் போன இடம். பிக்கப்பைத் தாண்டி வரும் காற்று நேராக வந்து மோதுவது அங்கேதான். எந்த இன்ஜின் நல்லது என்ற பேச்சுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மைலேஜ் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை டன் இழுக்கிறீர்கள்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், "எவ்வளவு உயரம்?" என்று யாரும் கேட்பதில்லை.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 டன் டிரெய்லர், சமமான சாலை, மணிக்கு 100 கி.மீ. டயர் உருளுவதில் இருக்கும் தடையைச் சமாளிக்க 8 கிலோவாட் அளவுக்குச் சக்தி போதும். அதே டிரெய்லர் பிக்கப்பின் கூரைக்கு மேலே எழும்பி நிற்கும் பெட்டியாக இருந்தால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் அதற்கு மேல் 25, 30 கிலோவாட் கேட்கும். பெரிய பிக்கப் தனியாக ஓடும்போது அந்த வேகத்தில் அதற்கு மொத்தமாகவே 25 கிலோவாட் சொச்சம்தான் தேவை. ஆக, காலியான உயரப் பெட்டியை இழுக்கிறவர் சுவரில்லாத தாழ்வான பிளாட்பெட் டிரெய்லரில் இரும்பு ஏற்றிக்கொண்டு போகிறவரைவிடச் சமதளத்தில் அதிகம் எரிக்க வாய்ப்பு உண்டு. பெட்டிக்குள் இருக்கும் சாமானைக் குறைத்து மைலேஜ் தேற்றப் பார்ப்பவர்களுக்குப் பலன் பெரிதாகத் தெரியாமல் போவதற்கும் காரணம் இதுதான். பிரேக்குக்கும் டயருக்கும் எடையைக் குறைப்பது நல்லதுதான், அது வேறு விஷயம்.

சரி, வண்டிகளுக்கு வருவோம். ஷோரூமில் ஒட்டியிருக்கும் மைலேஜை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது டிரெய்லர் இல்லாமல் எடுத்த எண். இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுவான சோதனை முறை இருக்கிறது. நீண்ட ஏற்றத்தில் வண்டி எந்த வேகத்தைத் தாங்குகிறது, மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடிகிறதா என்பதையெல்லாம் அது பார்க்கும். எவ்வளவு குடித்தது என்பது அதன் கேள்வியே இல்லை. ஆகவே 5 டன் இழுக்கும், 6 டன் இழுக்கும் என்ற பெருமைக்கும் உங்கள் டேங்குக்கும் சம்பந்தம் கிடையாது.

முதலில் டர்போ பெட்ரோல், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின். 2011 மாடல் எஃப்-150 பிக்கப்பில் ஃபோர்டு 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் என்ற ஆறு சிலிண்டர் (வி6) டர்போ இன்ஜினைக் கொண்டுவந்த பிறகு, பெரிய எட்டு சிலிண்டர் (வி8) இல்லாமலே நன்றாக இழுக்கலாம் என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஓட்டுவதற்கு இது சுகமான இன்ஜின். குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க் (சுழற்றும் விசை) கிடைத்துவிடும், மேட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தனியாக ஓட்டும்போது டர்போ பாதி தூக்கத்தில் இருப்பதால் சின்ன இன்ஜின் மாதிரியே குறைவாகத்தான் குடிக்கும். டிரெய்லரை மாட்டியதும் கதை மாறுகிறது. டர்போ நிற்காமல் காற்றை அழுத்திக்கொண்டே இருக்க, உள்ளே சூடு ஏறும். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று இருக்கும் கலவையை, டர்போவும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வெந்துபோகாமல் இருக்க, கடும் சுமையில் கம்ப்யூட்டர் பெட்ரோல் பக்கம் கூட்டிவிடும். அந்தக் கூடுதல் பெட்ரோல் சக்கரத்தைச் சுற்றுவதற்கு அல்ல, குளிர வைப்பதற்கு. நாக் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) வராமல் இருக்க, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளும், அதிலும் கொஞ்சம் போகும். தனியாக ஓடும்போது கிடைத்த லாபத்தில் பெரும் பகுதி இப்படித்தான் கரைகிறது.

டர்போ இல்லாத பெரிய வி8, அதாவது 5 லிட்டரிலிருந்து 6 லிட்டருக்கு மேல் வரை உள்ள வகை, தனியாக ஓடும்போதே கொஞ்சம் அதிகம் குடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. சில சிலிண்டர்களை அணைத்துச் சிக்கனம் செய்யும் வசதி இருந்தாலும், உயரமான டிரெய்லர் பின்னால் வந்தால் அது வேலை செய்ய இடமே கிடைக்காது, எல்லா சிலிண்டரும் உழைத்தாக வேண்டும். ஆனால் டிரெய்லரை மாட்டிய பிறகு மைலேஜ் விழும் விகிதம் டர்போவைவிடக் குறைவாக இருப்பதால், இழுக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. வி8 தோற்கிற இடம் மலை. உயரம் ஏற ஏறக் காற்று லேசாகிறது, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆர்பிஎம் முள் நாலாயிரத்தைத் தாண்டி நிற்க, இன்ஜின் கத்திக்கொண்டே ஏறும். டர்போவுக்கு அந்தக் கஷ்டம் மிகவும் குறைவு.

டீசல்தான் இந்தப் போட்டியில் என் தேர்வு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஷன் அதிகம், கலவையில் எப்போதும் காற்று மிச்சம் இருக்கும், சூட்டைத் தணிக்க எரிபொருளைக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. சுமை ஏறினால் பெட்ரோல் தடுமாறும் இடத்தில் டீசல் தன் நல்ல நிலைக்கு வருகிறது. ஜிஎம்மின் 3 லிட்டர் டுராமேக்ஸ் 2023 மாடலில் 305 குதிரைத் திறனும் 671 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசலில் 500 நியூட்டன் மீட்டர். இந்த மாதிரி இன்ஜின்கள் டிரெய்லரோடு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது டேக்கோமீட்டரைப் பார்த்தால் முள் இரண்டாயிரத்துக்கு அக்கம்பக்கத்தில் அசையாமல் நிற்கும். அந்த அமைதியிலேயே சிக்கனம் தெரியும்.

ஒரு நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம், ஆகவே லிட்டர் கணக்கில் தெரியும் வித்தியாசம் முழுவதும் இன்ஜினின் சாமர்த்தியம் அல்ல. அப்புறம் டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் செலவு இருக்கிறது, இழுக்கும்போது அதுவும் கூடவே கூடும். வாரம் முழுக்க கடைக்கும் பள்ளிக்கும் ரெண்டு ரெண்டு கி.மீ. ஓட்டிவிட்டு வருஷத்துக்கு மூன்று தடவை டிரெய்லர் மாட்டுகிறவருக்கு டீசல் சரிப்படாது. புகைக்கரி வடிகட்டி சூடேறிச் சுத்தமாக வாய்ப்பே கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் பெட்ரோலோடு இருப்பதே நல்லது.

சின்ன டீசல் பிக்கப் வாங்கினால் இன்னும் மிச்சம் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் போன்றவை பல நாடுகளில் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்றவை. தாழ்வான படகு டிரெய்லருக்கு ஆகும். பெரிய கேரவன் என்றால் பின்னால் இருக்கும் முகப்பு எந்த பிக்கப் இழுத்தாலும் அதே முகப்புதானே? சின்ன பிக்கப் காற்றை மறைப்பதும் குறைவு. தனியாக ஓடும்போது இருந்த இடைவெளி அங்கே சுருங்கிப் போகும்.

ஹைப்ரிட் பற்றி நிறைய நம்பிக்கை இருக்கிறது, அதில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஃப்-150 பவர்பூஸ்டில் இருக்கும் பேட்டரி 1.5 கிலோவாட்-அவர், மோட்டார் 35 கிலோவாட். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் இடத்தில் பிரேக் போடும்போது டிரெய்லரின் கனமே பேட்டரிக்கு ஆற்றலாகத் திரும்ப வரும், நல்லது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மூன்று மணி நேரம் போகும்போது பிரேக்கே போடாத வண்டிக்கு என்ன திரும்ப வரும்? அங்கே அது பேட்டரியையும் சுமந்துகொண்டு போகிற டர்போ பெட்ரோல், அவ்வளவுதான்.

மின்சார பிக்கப் விஷயத்தில் ஒரு தவறான பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அது எனக்குப் பொறுக்கவில்லை. டிரெய்லரை மாட்டினால் தூரம் பாதியாகிவிடுகிறது, ஆகவே மோட்டார் இழுக்க லாயக்கில்லை என்கிறார்கள். உண்மை நேர் எதிர். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: உயரமான பெட்டியோடு தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகிறது. மோட்டார் சுமை குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் ஒரே மாதிரி திறமையாக வேலை செய்வதால், செலவும் இரண்டரை மடங்கு ஆகிறது. பெட்ரோல் இன்ஜின் தனியாக ஓடும்போது எரிபொருளில் முக்கால் பங்கை வீணடிக்கிறது, சுமை ஏறினால் வீணாவது கொஞ்சம் குறைகிறது, அதனால் அதன் செலவு இரண்டு மடங்கோடு நிற்கலாம். முன்பே வீணாகிக்கொண்டிருந்ததால்தான் விழுவது குறைவாகத் தெரிகிறது! மின்சார வண்டியின் உண்மையான குறை கையிருப்பு. எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட்-அவர், தனியாக 515 கி.மீ. என்று சான்றளித்த வண்டி. அந்த 131இல் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 15 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 15 லிட்டர் டேங்கோடு கேரவன் இழுக்கக் கிளம்பினால் எப்படி இருக்கும், அதே கவலைதான் இங்கேயும். போதாததற்கு, சார்ஜ் போடும் இடங்கள் பலவற்றில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டால்தான் வண்டி உள்ளே நுழையும். பக்கத்து ஏரிக்குப் படகு கொண்டு போக இதைவிட நல்ல வண்டி இல்லை, நாள் முழுக்க இழுக்கிற பயணத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும், வண்டியை மாற்றாமலே கிடைக்கும் மிச்சம் வேகத்தில் இருக்கிறது. 90இலிருந்து 110க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்கு. 90இல் போகும்போது எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ. அடித்தால் வண்டிக்கு அது 110இல் போவது மாதிரிதான். அன்று மைலேஜ் விழுந்தால் இன்ஜினைத் திட்ட வேண்டாம், ரோட்டோரத்து மரத்தைப் பாருங்கள், தெரியும். டிரெய்லர் டயர்கள் பலவும் மணிக்கு 105 கி.மீ. வரைக்கும் என்றே மதிப்பிடப்பட்டவை, ஆகவே 90, 95 என்று போவது பர்சுக்கு மட்டுமல்ல, டயருக்கும் நல்லது.

கியர் பற்றி ஒரு வார்த்தை. கடைசி கியரில் வைத்தால்தான் சிக்கனம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். சின்ன மேட்டுக்கெல்லாம் எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்று மாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பிடி விட்டுச் சூட்டைக் கக்கும். இழுவைக்கென்று இருக்கும் டோ மோடைப் போட்டு, தேவையென்றால் கடைசி கியருக்குப் போகாதபடி பூட்டிவிடுங்கள்.

எண்ணைப் பகிரும்போது டாஷ்போர்டில் காட்டுவதை அப்படியே சொல்லாதீர்கள், அது பல வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்க் நிரப்பி, முந்நூறு கி.மீ.யாவது இழுத்து, அதே பம்பில் அதே மாதிரி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதைவிட நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவது நல்லது. லிட்டருக்கு 12இலிருந்து 8 ஆனால் நூறு கி.மீ.க்கு 4 லிட்டர் சொச்சம்தான் கூடுகிறது, 8இலிருந்து 5 ஆனால் ஏழரை லிட்டர் கூடுகிறது. முதலாவதில் நாலு குறைந்தது, இரண்டாவதில் மூன்றுதான் குறைந்தது என்று பார்த்தால் ஏமாந்து போவோம். போன வழியிலேயே திரும்பியும் வந்து இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், காற்றும் மேடும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கூடவே டிரெய்லரின் உயரத்தையும் ஓட்டிய வேகத்தையும் எழுதுங்கள், அந்த இரண்டும் இருந்தால்தான் உங்கள் எண்ணை என் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும்.