சின்னச் சூட்டுக்காயத்துக்கு மஞ்சத்தூளா, கத்தாழையா, வல்லாரை க்ரீமா?

குக்கர் ஆவி அடிச்சாலோ தோசைக்கல் சுட்டாலோ எங்க வீட்ல இப்பல்லாம் முதல்ல 20 நிமிஷம் குழாய்த் தண்ணி, அப்புறம் மாடித்தொட்டிக் கத்தாழை. மஞ்சத்தூள் டப்பாவத் தொடுறதில்ல, அம்மாவுக்கு அதுல இன்னமும் வருத்தம்தான்.

மஞ்சள மட்டம் தட்டல. அதுல இருக்கிற மஞ்ச நிறப் பொருளான குர்குமின் வீரியமான ஆன்டிஆக்சிடன்ட், அதுல சந்தேகமே இல்ல. 1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர் காயத்துக்கு மஞ்சள் போடுறதுக்கே பேடன்ட் வாங்கி, நம்ம மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய ஆதாரத்தையெல்லாம் காட்டி 1997-ல ரத்து பண்ண வெச்சாங்க. ஆனா தூள்ல குர்குமின் இருக்கிறதே சுமாரா 2லேர்ந்து 5 சதவீதம், அதுவும் தண்ணில கரையாது, காயத்து மேல அப்படியே அப்பிக்கும். மறுநாள் தோல் சிவந்திருக்கா சீழ் கோத்திருக்கான்னு பாக்கவே முடியாது, கழுவுனா உயிர் போகும்.

நான் கத்தாழை பக்கம் சாஞ்சது சரக்கு கெட்டுப்போற விஷயத்தாலதான். காயம் பட்டா வெள்ளணுக்கள் கிருமியக் கொல்ல ஃப்ரீ ரேடிக்கல்ங்கிற, பக்கத்துல இருக்கிறதத் தாக்கி ஆக்சிடைஸ் பண்ற துகள்கள வெளிய விடும், அது வேணும்தான், ஆனா அளவு மீறுனா நல்ல செல்லுக்கும் அடி விழும், அப்ப ஆன்டிஆக்சிடன்ட் குறுக்க பூந்து அந்த செல்லுக்கு பதிலா தன்னையே ஆக்சிடைஸ் ஆக விட்டுக்கும். அப்படிப்பட்ட சரக்கு காத்துலயும் வெளிச்சத்துலயும் கெடந்தா தோலுக்கு வர்றதுக்குள்ளயே வீரியம் போயிடும்ல? மஞ்சக்கறை பட்ட வேட்டிய வெயில்ல காயப்போட்டா கறை வெளுக்குதே, அங்க அழியறது இதே குர்குமின்தான். கத்தாழை ஜெல்லும் வெட்டி வெச்சா கொஞ்ச நேரத்துல பழுப்பாயிடும், ஆனா மடல் செடியில இருக்கிற வரைக்கும் சீல் பிரிக்காத பாக்கெட் மாதிரி. வேணும்கிறப்ப அடிமடல் ஒண்ண அறுத்து, நிக்க வெச்சு மஞ்சப்பால் வடிய விடணும் (அது அரிக்கும், அவசரப்படாதீங்க), அப்புறம் முள் ஓரத்த சீவி, தோல உரிச்சு, உள்ள இருக்கிற கண்ணாடிச் சதைய கழுவிட்டுப் போடணும். மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வெச்சு அடுத்த வாரம் எடுக்கிறதுல பிரயோஜனம் ஒண்ணும் இல்ல. கடைல பச்சப்பசேல்னு விக்கிற ஜெல்லப் பாத்து ஏமாறாதீங்க, நெஜ ஜெல்லுக்கு நிறமே கெடையாது.

வல்லாரை க்ரீம், அதான் கொரியாக்காரங்க சிகான்னு விக்கிறது, அதுல இருக்கிற ஏசியாட்டிகோசைட்ங்கிற பொருள், தோலுக்கு வலு தர்ற கொலாஜன் புரதம் உருவாக உதவும்னு ஆராய்ச்சி இருக்கு. நான் ஆறின தழும்புல மட்டும்தான் போட்டேன், மங்குச்சு, க்ரீமாலயா நாள் ஆனதாலயான்னு கேட்டா பதில் இல்ல. விலையும் ஜாஸ்தி.

கத்தாழைக்கும் ஆதாரம் மலையளவு இருக்குன்னு நெனைக்க வேணாம். 2012-ல, மருத்துவ சோதனைகளத் தொகுத்துப் பாக்குற காக்ரேன் அமைப்போட அலசல் தரமான சோதனைகளே பத்தலைன்னுதான் முடிச்சுது, 1991-ல வந்த ஒரு ஆய்வுல ஆபரேஷன் காயம் கத்தாழை போட்டவங்களுக்கு லேட்டாத்தான் ஆறுச்சு. அதனால மேலாப்புல பட்டதுக்கு மட்டும் போடுங்க. பெரிய கொப்புளம், ஆழமான வெட்டு, சுகர் இருக்கிறவங்க கால் புண்ணு இதுக்கெல்லாம் இந்த மூணுமே வேணாம், நேரா டாக்டர்ட்ட போயிடுங்க.