ரப்பர் ஷீட் மெஷின் வாங்கப் போகிறீர்களா? மோட்டாரை அப்புறம் பார்க்கலாம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் மூன்று விதமாகக் கிடைக்கிறது. கையால் சுற்றும் ஜோடி ஒன்று: வழுவழுப்பான ரோலர் தனி, வரி போட்ட ரோலர் தனி. அந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்து மோட்டார் பூட்டியது இன்னொன்று. மூன்றாவது, ஷீட்டை விட்டுவிட்டு ரப்பர் பாலாகவே கொடுக்க ஆரம்பித்தவர்களின் வீட்டுப் புறவாசலில் கிடந்து விலைக்கு வரும் பழைய ஜோடி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நாளொன்றுக்கு இருபது ஷீட்டுக்குள் அடிப்பவருக்குக் கைமெஷின் தாராளம். நாற்பதைத் தாண்டினால் மோட்டார் வைத்துக்கொள்ளலாம். இடையில் இருப்பவர்கள் நல்ல பழைய ஜோடியைத் தேடுவது உத்தமம். ஆனால் அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். கடையில் எல்லாரும் முதலில் கேட்பது "மோட்டார் எத்தனை எச்.பி.?" என்றுதான். ஆனால் ஷீட்டின் தரம் கிடப்பது ரோலரிலும், அதன் தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷிலும்.

ஏன் என்றால், நல்ல ஷீட் என்பது சுமார் அரைக் கிலோ எடை, 3 மில்லிமீட்டருக்கு மிகாத கனம். தண்ணீர் கலந்த பால் 4 லிட்டர் ஒரு டிஷ்ஷில் (உறைய வைக்கும் தட்டில்) ஊற்றினால் அந்த எடை வரும். உறைந்த கட்டியைக் கையால் அழுத்திப் பரத்தி, வழுவழு ரோலரில் மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் குறைத்து விட வேண்டும். கடைசியாக வரி ரோலரில் ஒரே தடவை. வரி அழகுக்குப் போடுவதில்லை. காற்றும் புகையும் படும் பரப்பு கூடி, ஈரம் சீக்கிரம் இறங்குவதற்குத்தான். ஷீட் ஒரு ஓரம் 3, மறு ஓரம் 5 மில்லிமீட்டர் என்று வந்தால், நாலு நாள் புகைபோட்டாலும் கனத்த பக்கம் உள்ளே வெள்ளையாகவே நிற்கும். வாங்குகிறவர் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அந்த வெள்ளைப் பொட்டு தெரிந்துவிடும், தரம் ஒரு படி இறங்கிவிடும். மழைக்காலத்தில் பூசணமும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஆகவே கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, ரோலரின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாகச் செருகி, ரோலர் இடைவெளியைக் குறைக்கும் திருகுகளை மெல்ல இறுக்குங்கள். இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், இழுத்தால் ஒரே அழுத்தம் கையில் தெரிய வேண்டும். ஒன்று இறுகி மற்றது வழுக்கி வந்தால் வழுக்கும் பக்கத்துத் திருகை மட்டும் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்யலாம். பிறகு ரோலரைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். ஒவ்வொரு கால் சுற்றிலும் பிடிமானம் மாறினால் ரோலரே கோணல், அல்லது தண்டு வளைந்திருக்கிறது. திருகால் அது தீராது. கடைக்காரர் "ஓட ஓடச் சரியாகும்" என்பார். ஆகாது.

அடுத்து புஷ். ரோலரின் முனைக்கு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். டக் டக்கென்று மேலும் கீழும் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பழைய மெஷினில் இது இருந்தாலும் வாங்கலாம், லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டுவிடலாம், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரம் அப்படியல்ல. பல்லின் நுனி கத்தி மாதிரி கூர்ந்திருந்தாலோ, உடைந்த பல்லை வெல்டு வைத்து ஒட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டு பாரத்தில் நிற்காது. சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் மணி போலக் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது.

புதுப் பெயிண்ட் பளபளக்கும் பழைய மெஷினைச் சந்தேகப்படுங்கள். ரோலர் முகத்தில் விரல் நகத்தை ஓட்டினால் பட்டி வைத்து அடைத்த குழி தட்டுப்படும். நாலு மாதத்தில் பட்டி உதிரும், குழியில் ரப்பர் ஒட்டும், ஷீட் பிய்ந்து வரும். வரி ரோலரில் மேடு தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை குறைவு என்று இரும்புப் பைப்பில் மூடி வெல்டு வைத்த ரோலரையும் காட்டுவார்கள். உறைபாலில் இருந்து வடியும் புளித்த தண்ணீர் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். கெட்டி வார்ப்பே நல்லது, தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தாலும்.

மோட்டார் மெஷினுக்கு வருவோம். இரண்டு ஜோடிக்கும் சேர்த்து 1 எச்.பி. சிங்கிள் பேஸ் போதும். அரை மணி நேரம் ஓட்டினால் அரை யூனிட் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். வேகத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1440 சுற்று மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, எதிர்ப்பக்கம் 18 அங்குலம் என்றால் 240 சுற்று. அதற்குப் பிறகு பல்சக்கரத்தில் எட்டில் ஒன்றாகக் குறைந்தால் ரோலர் நிமிடத்துக்கு 30 சுற்று சுற்றும். அதற்கு மேல் வேகம் வைத்த மெஷின் வேண்டாம். கட்டி கிழியும், கையும் போகும்.

கை என்று சொன்னது பயமுறுத்த இல்லை. ஒன்றரை அடி நீளச் சாய்வுப் பலகை முன்னால் இருந்தால்தான் விரல் ரோலரை எட்டாது. பலகை இல்லாமல் விற்பதை வாங்கினால் அன்றே பலகை அடித்துவிடுங்கள். நிறுத்தும் பட்டன் முழங்கால் உயரத்தில், காலால் தட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், இரண்டு கையும் மாட்டியிருக்கும்போது சுவரில் இருக்கும் சுவிட்சால் என்ன பயன்? ரிவர்ஸ் சுவிட்சை நம்பாதீர்கள். இந்த வகை மோட்டார் முழுதாக நின்ற பிறகுதான் திசை மாறும். தோளில் துவர்த்து (துண்டு), தொங்கும் முந்தானை இரண்டும் கூடாது. ஷீட் அடிக்கும் புரையில் (கொட்டகையில்) தரை எப்போதும் ஈரம் என்பதால் எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம். மோட்டாரைத் தரையில் இருந்து ஓரடியாவது உயர்த்தி வையுங்கள். உர்ரென்று இரைந்து சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். ஓல்டேஜ் குறைவாக இருக்கும், இல்லை கெப்பாசிட்டர் போயிருக்கும். பெல்ட்டைக் கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது விரலுக்கு ஆபத்து, வைண்டிங்கும் எரியும்.

கைமெஷினில் சொல்ல அதிகமில்லை. கான்கிரீட் திண்டில் நாலு போல்ட்டு, கைப்பிடியின் நடு அச்சு சுற்றுபவரின் இடுப்பு உயரம், அவ்வளவுதான்.

பராமரிப்பில் பத்து நிமிட வேலையைச் சோம்பலால் விடுகிறவர்கள் மெஷினைக் குறை சொல்வார்கள். கடைசி ஷீட் இறங்கியதும் ரோலரைச் சுற்றவிட்டபடி தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள். நிறுத்திய பிறகு, வரிக்குள் மாட்டிய ரப்பர் துணுக்கைக் கதம்பையால் (தேங்காய் மட்டையால்) தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். திருகைத் தளர்த்தி, ரோலர்கள் ஒன்றையொன்று தொடாமல் துடைத்து விடுங்கள். புஷ் துளையில் தினமும் சில சொட்டு எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கிரீஸ். ரோலர் முகத்தில் எண்ணெய் படக் கூடாது. அதைவிட முக்கியம், கன்மெட்டல் புஷ்ஷில் செம்பு இருக்கிறது; செம்பு ரப்பரைக் கெடுக்கும். புஷ்ஷில் இருந்து கறுப்பாக வழியும் எண்ணெயை ஷீட்டில் விழுமுன் துடைத்துவிடுங்கள். பித்தளைப் பாத்திரத்தில் பால் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். இலை உதிரும் காலத்தில் பால் வெட்டுவதை நிறுத்தும்போது மட்டும் ரோலருக்கு முழுக்கக் கிரீஸ் பூசலாம். திரும்ப ஓட்டுமுன் சோப்புப் பொடியும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்கள்.

கட்டி ரோலரில் சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மெஷின் குற்றமில்லை, பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் குறைந்து உறை இளகியிருக்கும். ஆசிட் கூடினால் கட்டி விறைத்து, இரண்டாம் தடவையே ஓரம் வெடிக்கும். ஷீட்டில் ஊசிக் கண் போல ஓட்டை விழுந்தால் டிஷ்ஷில் நுரையை வழிக்கவில்லை. துருப்பொட்டு வந்தால் முந்தின நாள் ரோலரைத் துடைக்கவில்லை.

புஷ் மாற்றப் போகும்போது தேய்ந்த பழையதைத் தூக்கிப் போடாமல் ரோலர் தண்டோடு சேர்த்து லேத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய புஷ்ஷின் வெளி அளவும் தண்டின் விட்டமும் அங்கேயே எடுத்துக் கடைந்தால்தான் இடைவெளி சரியாக வரும்; தாளில் எழுதிக் கொடுத்த அளவுக்குக் கடைந்தது பெரும்பாலும் திரும்ப லேத்துக்கே வரும்.