உதவித்தொகை வாங்கித் தருவதாக வீடு தேடி வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி, இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வீடு தேடி வந்தவர்களிடம் என் தங்கையின் குடும்பம் சென்ற ஆண்டு ஏமாந்தது. பணம் போனதைவிட, படித்து மதிப்பெண் எடுத்த பிள்ளை முறையாக விண்ணப்பிக்க முடியாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் வந்த நேரத்தை முதலில் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் கூலிக்குப் போகும் தங்கையின் கணவருக்கு வருமானம் இல்லை. பிளஸ் டூ முடிவு வருவதும் இதற்கு இடையில், மே மாதத்தில்தான். கையில் காசு இல்லாமல், மகளை எப்படிக் கல்லூரியில் சேர்ப்பது என்று வீடே தவித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கலாம் அவர்களின் படம் அச்சிட்ட துண்டறிக்கையுமாக இருவர் வந்தார்கள். "அக்கா, பாப்பா எடுத்திருக்கிற மார்க்குக்கு வருசம் அம்பதாயிரம் கண்டிப்பா வரும், எடம் முடியறதுக்குள்ள பதிஞ்சிருங்க" என்று அவசரப்படுத்தி, பதிவுக் கட்டணமாக 3,500 ரூபாய் வாங்கினார்கள். கொடுத்த ரசீதை நான் பிறகு பார்த்தேன். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'இராமநாதபுரம்' என்று மட்டும் ரப்பர் முத்திரை இருந்தது. தொலைபேசி எண்ணும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

பெரிய கேடு அதற்குப் பிறகு நடந்தது. ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் கைப்பேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டு, தங்கள் போனில் அவள் முகத்தையும் காட்டச் சொல்லி, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அவள் பெயரில் ஒருமுறைப் பதிவை, அதாவது விண்ணப்பிப்பதற்கு முன் ஒருவர் ஒரே ஒரு தடவை செய்ய வேண்டிய பதிவை, செய்துவிட்டார்கள். அதில் தொடர்பு எண்ணாகக் கொடுத்தது அவர்களுடைய எண். கல்லூரியில் சேர்ந்த பிறகு அவளாக விண்ணப்பிக்க முயன்றபோது, அந்த ஆதாருக்கு ஏற்கெனவே பதிவு இருப்பதாக வந்தது. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால் ஓடிபி அந்த எண்ணுக்குப் போனது, அந்த எண்ணோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இதைச் சரிசெய்ய அலைந்துகொண்டிருந்தபோதே கடைசித் தேதி முடிந்துவிட்டது. பிளஸ் டூவில் முன்னணி மதிப்பெண் பெற்ற, குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்கு மேற்படாத மாணவர்களுக்கு மத்திய அரசு இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. அதற்கு முதலாமாண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும் என்பதால், மூன்றாண்டுக்கான வாய்ப்பும் அவளுக்கு ஒரேயடியாகப் போயிற்று.

கல்லூரியில் சேர்வதற்கு முன்பே இந்தத் தொகைகளை எவராலும் உறுதி செய்து தர முடியாது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் போதும், இப்படிப்பட்டவர்களை வாசலிலேயே அனுப்பிவிடலாம். தேசிய இணையதளத்தில் போடும் விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது பிள்ளை படிக்கும் கல்லூரி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் கல்லூரி வழியாகவே நடக்கின்றன. பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட மாணவர்களுக்கான உதவித்தொகைகளும் அப்படித்தான். மீனவர் நல வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கான கல்வி உதவியை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டும் சிறு தொகைதான் செலவு. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள், ஏனெனில் பணம் நேரே அந்தக் கணக்குக்குத்தான் வரும். பதிவின்போது பிள்ளையின் எண்ணையோ பெற்றோரின் எண்ணையோ மட்டுமே கொடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் சொல்லுங்கள். நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம். ஊர்ப்பெயர் மட்டும் முத்திரையிட்ட அந்த ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். விசாரணைக்கு அது தேவைப்படும்.