நல்ல இண்டிகேட்டரைப் பழுது என்று சொல்லி விற்றார்கள்: டிவைஸ் சர்வர் பொருத்துவோர் கவனத்திற்கு

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் மசாலா அரவையோ மொத்த வியாபாரமோ நடத்தும் நம்மவர்கள், தராசைக் கணினியோடு இணைக்க ஆள் வைக்கும்போது விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அரவைக்கூடத்தின் இரண்டு மின்தராசுகளும் அலுவலகத்திலிருந்து வெகு தொலைவில் உள்ளன. தராசின் எடையைக் கணினிக்குக் கொண்டுபோகும் ஆர்எஸ்-232 கம்பியைப் பொதுவாக 15 மீட்டருக்கு மேல் இழுப்பதில்லை என்பதால், தராசின் சீரியல் போர்ட்டில் (அந்தக் கம்பி செருகும் இடத்தில்) வரும் எடையை நெட்வொர்க் வழியே அனுப்பும் டிவைஸ் சர்வர் ஒன்றை உள்ளூர் நிறுவனத்திடம் வாங்கி, முதல் தராசை இணைத்தோம். அன்று முதலே 12.450 கிலோ மிளகாய்த்தூள் மூட்டைக்கு ஒரு லேபிளில் 12 என்றும் அடுத்ததில் 450 என்றும் அச்சாகி வந்தது. வந்து பார்த்த அந்நிறுவனத்தின் தொழில்நுட்பர், தராசின் இண்டிகேட்டர் (எடையைக் காட்டி அனுப்பும் பெட்டி) பழுது என்று அடித்துச் சொல்லிப் புதியதை விற்று, பழையதைக் கையோடு எடுத்துச் சென்றார். கோளாறும் நின்றது. பின்னர் இரண்டாவது தராசை இணைத்தபோது அதே கோளாறு தலைகாட்டவே, அதற்கும் புதிய இண்டிகேட்டர் வேண்டும் என்று விலைப்புள்ளி அனுப்பினார்.

சந்தேகம் தட்டியதால் வேறொருவரை அழைத்தோம். டிவைஸ் சர்வரின் பாஸ்வேர்டைத் தரவே விற்ற நிறுவனம் பலநாள் இழுத்தடித்தது. கிடைத்த பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், குறித்த நேரத்துக்குள் அடுத்த எழுத்து வராவிட்டால் கையிலிருப்பதை உடனே அனுப்பிவிடும் ‘ஃபோர்ஸ் டிரான்ஸ்மிட்’ நேரம் இரண்டு போர்ட்டுகளிலும் 2 மில்லிவினாடி என்றிருந்தது. எங்கள் பழைய இண்டிகேட்டர்கள் 2400 பாட் (வினாடிக்கு 2400 பிட்) வேகத்தில் பேசுபவை; ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால், அது வந்து முடியவே 4 மில்லிவினாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிப் பேக்கெட்டாக (தரவுப் பொட்டலமாக) கிளம்பி, லேபிள் மென்பொருள் படிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்த துண்டே எடையாக அச்சானது. அவர் விற்ற புதியதோ 9600 பாட். எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிவினாடிதான் என்பதால், தவறான அமைப்பிலும் அது தப்பித்துக்கொண்டது. வரி முடியும்வரை காத்திருக்காத அந்த மென்பொருளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அதற்காக யாரும் எங்களிடம் இண்டிகேட்டர் விற்கவில்லை.

நேரத்தை 20 மில்லிவினாடியாக உயர்த்தி, எடைவரியின் இறுதியில் வரும் 0டி, 0ஏ என்ற வரிமுடிவுக் குறிகளை டிலிமிட்டராக (எல்லைக்குறியாக) கொடுத்துச் சேமித்ததும், ‘பழுதான’ இரண்டாவது இண்டிகேட்டர் ஒழுங்காக எடை அனுப்பத் தொடங்கியது. செலவு ஒரு மணி நேரக் கூலி மட்டுமே.

பணத்தைக் கொடுக்கும் முன் பாஸ்வேர்டையும், அமைப்புகளின் நகல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பொருளை எக்காரணம் கொண்டும் எடுத்துச் செல்ல விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, சேவை தரமற்றிருந்தால் குறையைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கோரும் உரிமையை அளிக்கிறது. சொத்து மதிப்பும் ஆண்டு விற்றுமுதலும் 20 லட்சம் ராண்டுக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களும் இதைக் கோரலாம். அதன்படி பழைய இண்டிகேட்டரையும் புதியதற்கு வாங்கிய பணத்தையும் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் இதுவரை இல்லை. அடுத்து தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இருக்கிறோம்.